முந்திரிக் கொல்லைக் களைக்குச் செம்மறி ஆடு: எப்போது உள்ளே, எப்போது வெளியே

பண்ருட்டி, காடாம்புலியூர், முத்தாண்டிக்குப்பம் பக்கம் முந்திரிக் கொல்லை வைத்திருக்கிற யாரிடம் பேசினாலும் கொஞ்ச நேரத்தில் பேச்சு களையில் வந்து நிற்கும். முந்திரிக்குக் களை எடுப்பது பார்வைக்காக இல்லை. பழம் கொட்டையோடு தானாகக் கீழே விழும், அதைத் தரையிலிருந்துதான் பொறுக்க வேண்டும், முழங்கால் உயரத்துக்குப் புல்லும் பூண்டும் நின்றால் கொட்டை கண்ணில் படாது, பாம்புக்குப் பயந்து பொறுக்க வருகிறவர்களும் உள்ளே கால் வைக்க மாட்டார்கள். அதனால் மாசி பிறக்கும்போது மரத்தடி தெரிந்தாக வேண்டும். அதற்கு முன்னாலேயே களை வேறொரு வேலையும் செய்துவிட்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் செம்மண் குடித்து வைத்த ஈரத்தை, மரம் பூத்துப் பிஞ்சு பிடிக்கிற தை, மாசியில் மரத்தோடு போட்டி போட்டு உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

இதற்கு இப்போது இருக்கிற வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். ஆள் வைத்துக் கொத்துவது, ஆள் கிடைத்தால். ரோட்டவேட்டர் ஓட்டுவது: மேலாகப் பரவியிருக்கும் சல்லிவேர்களை அது அறுத்துவிடுகிறது, உழுது பொலபொலவென்று விட்ட செம்மண்ணை அடுத்த பெருமழை ஓடைக்குக் கொண்டுபோகிறது. நெய்வேலி மேட்டிலிருந்து பண்ருட்டி வரை சரிவான நிலம் வைத்திருப்பவர்களுக்கு இந்த அரிப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் களைக்கொல்லி. கிளைபோசேட்டைப் பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் தவிர வேறு யாரும் அடிக்கக் கூடாது என்று ஒன்றிய அரசு 2022 அக்டோபரிலேயே கட்டுப்பாடு போட்டுவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் அதை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் சேர்த்ததும் தெரிந்த செய்தி. சட்டத்தை விடுங்கள், இளங்கன்றின் பச்சைத் தண்டில் அந்த மருந்தின் சாரல் பட்டால் கன்றே போய்விடும்.

இந்த இடத்தில்தான் 'ஆட்டை விட்டா போதுமே' என்று யாராவது சொல்வார்கள். பாதி உண்மை. ஆடு களையைக் கட்டுப்படுத்தும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 'விட்டால் போதும்' என்பதுதான் தோப்பைக் கெடுக்கிறது. எந்த ஆடு, எத்தனை, எந்த மாதம், எத்தனை நாள், எப்போது வெளியே ஓட்டுவது என்பதை ஒரு மனிதர் கூடவே நின்று முடிவு செய்தால் அது களை நிர்வாகம். அப்படி ஒருவர் இல்லாவிட்டால் வெறும் மேய்ச்சல், அதில் களையும் போகும், மரமும் போகும்.

முதலில் எந்த ஆடு என்பதைத் தீர்த்துவிடலாம். வெள்ளாடு வேண்டாம். அது தழை தின்கிற பிராணி. பின்னங்காலில் எழுந்து நின்று எட்டுகிற கிளையை எல்லாம் மொட்டை அடிக்கும், பட்டையை உரிக்கும், சாய்ந்த மரத்தில் ஏறியும் தின்னும். செம்மறி தலையைக் குனிந்து தரையில் மேய்கிற பிராணி. அதற்குப் பிடித்தது புல்லும் தரையோடு படர்கிற பூண்டும். நம் கடலூர், விழுப்புரம் பக்கத்துக்கு உரிய இனம் சென்னைச் சிவப்பு. கம்பளி ரோமம் இல்லாத, மயிர் ஆடு என்பதால் வெயிலைத் தாங்கும், நெருஞ்சியும் ஒட்டுப்புல்லும் உடம்பில் அவ்வளவாக ஒட்டிக்கொண்டு அடுத்த கொல்லைக்குப் பயணம் போகாது. வெளியூரிலிருந்து பெரிய உருவமாக வேறு இனத்தை வாங்கி வந்து இந்த மழையில் வைத்துக் காப்பாற்றப் பாடுபடுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் ஒன்று, செம்மறியும் தழை தின்னாத ஆடு இல்லை. தரையில் நல்ல தீனி இருக்கும் வரைக்கும்தான் அது தலையைக் குனிந்திருக்கும்.

செம்மறி மேய்வதைக் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், பாதி விஷயம் அங்கேயே புரிந்துவிடும். அதற்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. மேலுதடு நடுவில் பிளந்து, இரண்டு பக்கமும் தனித்தனியாக அசையும். அந்த உதட்டால் தழையைச் சேர்த்து இழுத்து, கீழ்ப்பல்லுக்கும் மேலே உள்ள தடித்த ஈறுக்கும் நடுவில் வைத்துத் தலையை ஒரு வெட்டு வெட்டும், சரக்கென்று அறுபடும். மாடு நாக்கால் சுழற்றி இழுப்பதைவிட இது தரையை ஒட்டி மேயும். மூக்கு குறுகலாக இருப்பதால் செடிக்குச் செடி தேர்ந்தெடுக்கவும் அதனால் முடியும். குப்பைமேனியைத் தாண்டிப் போய்ப் பக்கத்தில் இருக்கிற இளம்புல்லை எடுக்கும், சாரணையில் கொழுந்தை மட்டும் கிள்ளிவிட்டு அடுத்ததற்குப் போகும். பசியும் கூட்டமும் கூடினால்தான் இந்தத் தேர்வு குறைந்து எல்லாவற்றையும் ஒரே சீராக மேயும்.

கொழுந்தைக் கிள்ளுகிறது என்றேனே, அதில்தான் களைக்கட்டுப்பாட்டின் சூட்சுமம் இருக்கிறது. அகன்ற இலைப் பூண்டுகளுக்கு வளர்ச்சி நுனியில், பூ வருவதும் பெரும்பாலும் அங்கேதான். நுனி போய்விட்டால் அது பக்கக்கிளை விட்டுத் தேறி வருவதற்குள் ஈரம் போய்விடும், விதை கட்டாது, கட்டினாலும் கொஞ்சமாகத்தான். புல்லுக்கு வளர்ச்சிப் புள்ளி அடியில், மண்ணை ஒட்டி இருக்கிறது. எவ்வளவு மேய்ந்தாலும் மறுபடி துளிர்க்கும். ஆகவே சில வருஷம் சரியாக ஆடு மேய்ந்த கொல்லையில் உயரமான பூண்டுகள் குறைந்து, குட்டைப் புல் தரையைப் பிடித்துக்கொள்ளும். அருகும் கோரையும் ஆட்டால் சாகாது, கிழங்கும் வேர்த்தண்டும் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். இதைத் தோல்வி என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு விரல் உயரப் புல் மண்ணை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கொட்டை விழுந்தால் தெரிகிற அளவுக்கு இருந்தால் முந்திரிக் கொல்லைக்கு அதைவிட நல்ல தரை வேண்டுமா? கன்றின் தூரைச் சுற்றி மட்டும் கையால் கொத்திவிட வேண்டும், அந்த வேலை ஆட்டுடையது இல்லை.

எல்லாக் களையையும் ஆடு தின்னாது, தின்னவும் கூடாது. பார்த்தீனியத்தை அது பெரும்பாலும் ஒதுக்கிவிடும். அது நல்லதுதான், ஏனென்றால் அதிகம் தின்றால் உடம்புக்கு ஆகாது. ஆனால் சுற்றியிருப்பதை எல்லாம் ஆடு தின்றுவிட்டுப் பார்த்தீனியத்தை மட்டும் விட்டால், போட்டியில்லாமல் அது கொழுத்து வளரும். எனவே ஆடு போன பின்னால், பூக்கும் முன்பு, ஈரம் இருக்கும்போதே கையுறை போட்டு வேரோடு பிடுங்குவது தனி வேலை. உண்ணிச்செடி ஈரலைக் கெடுக்கும், தின்ற ஆட்டுக்கு வெயில் பட்ட இடமெல்லாம் தோல் வெந்து உரியும். வாய்க்கால் ஓரத்தில் நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு இன்னும் மோசம், தொடர்ந்து தின்கிற ஆட்டுக்கு நரம்புத் தளர்ச்சி வந்து தள்ளாடும், ருசி கண்டுவிட்டால் அதையே தேடிப் போகும். வேலியில் செங்காந்தள், அரளி, ஆமணக்கு இருந்தால் அவையும் ஆபத்து. சாரணை தின்னக்கூடியதுதான், ஆனால் அதில் ஆக்சலேட் அதிகம். வெறும் வயிற்றோடு வருகிற மந்தையை நேராகச் சாரணை மண்டிய இடத்தில் இறக்கினால் சிக்கல் வரும். கொஞ்சம் வைக்கோலோ காய்ந்த புல்லோ தின்ன பிறகு விடலாம். ஆட்டை உள்ளே விடும் முன் வரப்பையும் வேலியையும் ஒரு சுற்று நடந்து பாருங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

மரத்தின் வயது அடுத்த கேள்வி. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது இந்த வட்டாரத்து முந்திரியும் பலாவும் அப்படியே சாய்ந்தன. அதற்குப் பிறகு நட்டவற்றில் நிறையவும் ஒட்டுக்கன்றுகள். பழைய விதைக்கன்று மரங்கள் கிளை கோத்து நின்ற காட்டில் நிழலே களையை அடக்கிக்கொண்டிருந்தது, அந்த நிழல் போனதும் வெளிச்சம் தரைக்கு வந்தது, களையும் வந்தது. 7 மீட்டருக்கு 7 மீட்டர் இடைவெளியில் ஹெக்டேருக்கு 204 கன்று என்பது வழக்கமான கணக்கு. கன்று சிறிதாக இருக்கும் வருஷங்களில் இதில் எவ்வளவு தரை வெறுமனே கிடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். களைத் தொல்லை உச்சத்தில் இருப்பது அப்போதுதான், ஆட்டை விடவே கூடாததும் அப்போதுதான். செம்மறி தலை தூக்கினால் மூன்று, மூன்றரை அடி எட்டும். கன்றின் நுனி அதற்கு மேலே போய், தண்டு கையால் அசைத்தாலும் வளையாத தடிமனுக்கு வரும் வரை, ஒவ்வொரு கன்றுக்கும் முள் கூண்டோ வலைக் கூண்டோ இல்லாமல் ஆடு உள்ளே வரக் கூடாது. ஒட்டுக்கன்றுகளை முதல் சில வருஷம் கீழ்க்கிளை கவாத்து செய்து ஒற்றைத் தண்டாக ஏற்றுவது எப்படியும் செய்கிற வேலைதான், அதை ஒழுங்காகச் செய்திருந்தால் ஆட்டை விடும் நாள் சீக்கிரம் வரும். அடிமரத்துப் பட்டையில் காயம் பட விடக்கூடாது என்பதை முந்திரியில் தனியாகச் சொல்ல வேண்டும், தண்டு துளைப்பான் வந்து முட்டையிட அப்படிப்பட்ட வெடிப்பும் காயமும் போதும்.

பலாத்தோப்பு வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பலாத்தழை என்றால் ஆட்டுக்கு உயிர். ஆடு வளர்க்கிற வீடுகளில் பலாக்கிளை ஒடித்துக் கட்டி வளர்த்த ஆடுகள் அந்த ருசியை மறக்காது. ஆட்டின் ருசி பழக்கத்தால் வருவது என்பது நிரூபணமான விஷயம். அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், திராட்சை இலை தின்ற செம்மறிகளுக்கு உடனே லித்தியம் குளோரைடு கொடுத்துக் குமட்டலை உண்டாக்கி, அப்புறம் அவை திராட்சை இலையையே தொடாமல் இருக்கும்படி பழக்கினார்கள். நமக்கு அந்த மருந்து வேலை வேண்டாம். அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, மந்தையை வரவழைக்கும் முன் அது எங்கே, எதைத் தின்று வளர்ந்தது என்று கேட்க வேண்டும் என்பதுதான். இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் இனச் செம்மறியை ஐரோப்பாவில் கிறிஸ்துமஸ் மரத் தோட்டங்களில் களைக்கு விடுகிறார்கள், ஊசியிலை மரங்களை அது அவ்வளவாகக் கடிக்காது என்று பேர். அங்கேயும் ஆள் பார்வை இல்லாமல் விடுவதில்லை, தரையில் தீனி குறைந்ததும் வெளியே எடுத்துவிடுகிறார்கள். மலேசியாவின் ரப்பர் தோட்டங்களிலும் மர வரிசைகளுக்கு நடுவே செம்மறியை மேய விட்டுக் களைச் செலவைக் குறைத்த அனுபவம் உண்டு. ஆக இது நமக்கு மட்டும் தோன்றிய யோசனை இல்லை, ஆனால் நம் மழைக்கும் மண்ணுக்கும் ஏற்ற கணக்கை நாம்தான் போட வேண்டும்.

அந்தக் கணக்கு மாதத்தில் தொடங்குகிறது. நம் களை வடகிழக்குப் பருவமழையில் முளைக்கிறது. ஐப்பசியில் முளைத்தது கார்த்திகை கடைசியில் அரை அடி உயரம் வந்திருக்கும், இளசாக, பூக்காமல். முதல் சுற்று அப்போதுதான். நிறையப் பேர் களை முற்றிக் காடாகி, விதை உதிர்ந்த பிறகு தையில் ஆட்டைத் தேடுகிறார்கள். அப்போது தண்டு கட்டையாகியிருக்கும், ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு நகரும், விதை ஏற்கெனவே மண்ணில். ஆனால் கார்த்திகையில் விடுவதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: மழை நின்று இரண்டு மூன்று நாள் வெயில் காய்ந்திருக்க வேண்டும். குளம்பு ஆழப் பதிகிற ஈரத்தில் நூறு ஆடு நடந்தால் மேல்மண் மிதிபட்டு இறுகிப்போகும், ஆட்டுக்கும் குளம்பழுகல் வரும். இரண்டாவது சுற்று மார்கழி கடைசியிலிருந்து தை முதல் வாரத்துக்குள், பூங்கொத்து பெருவாரியாக வெளிவரும் முன்பு. தாழ்ந்த கிளையில் பூ வந்துவிட்டால் ஆடு அதைக் கடிக்கும், அதோடு முந்திரித் தளிரையும் பூவையும் உறிஞ்சுகிற தேயிலைக் கொசு என்ற பூச்சிக்கு மருந்து அடிக்கிற காலமும் தொடங்கிவிடும். அதன் பிறகு அறுவடை முடியும் வரை உள்ளே ஆடு வேண்டாம். முந்திரிப்பழத்தை ஆடு ஆசையாகத் தின்னும், கீழே புளித்துக் கிடக்கிற பழத்தை வயிறு முட்டத் தின்றால் அமிலம் ஏறி வயிறு உப்பி விழுந்துவிடும். ஆனி, ஆடி மழையில் வருகிற களைக்கு மூன்றாவதாக ஒரு சின்னச் சுற்று, அவ்வளவுதான்.

எத்தனை ஆடு, எத்தனை நாள் என்பதைக் கண்ணால் மதிப்பிடாமல் தராசால் மதிப்பிடுங்கள். கொல்லையில் நாலைந்து இடத்தில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருக்கிற களையை அறுத்து எடை போட்டுச் சராசரி எடுக்க வேண்டும். சதுர மீட்டருக்கு 1 கிலோ பச்சை வந்தால் ஏக்கருக்கு ஏறக்குறைய 4,000 கிலோ. அதில் பாதியைத்தான் ஆடு தின்னும் என்று வைத்துக்கொள்ளுங்கள், மீதி மிதிபடுவதும் ஒதுக்கப்படுவதும். 30 கிலோ எடையுள்ள செம்மறிக்கு ஒரு நாளைக்கு 4 கிலோ பச்சை என்றால் 100 ஆட்டுக்கு 400 கிலோ. 2,000 கிலோவுக்கு ஐந்து நாள். நாலாவது நாளிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆடு தலையைத் தூக்கி மரத்தைப் பார்க்கத் தொடங்கியதும், தரையில் இன்னும் கொஞ்சம் பச்சை தெரிந்தாலும் சரி, ஓட்டிவிட வேண்டும். பத்து ஆட்டை ஐம்பது நாள் சுற்ற விட்டாலும் இதே அளவு தின்னும், ஆனால் அது தினமும் பிடித்த செடியின் புதுக்கொழுந்தைத் தேடித் தேடித் தின்று, பிடிக்காததை எல்லாம் விதை கட்ட விட்டுவிடும். நிறைய ஆடு, கொஞ்ச நாள், பிறகு நல்ல இடைவெளி: களைக்கு இதுதான் சரிவருகிறது. ஏக்கர் முழுவதையும் ஒரே நாளில் திறந்துவிடாமல், மந்தையை அடைக்கிற கிடை வலையைத் துண்டு துண்டாக மாற்றிக் கட்டினால் இன்னும் ஒரே சீராக மேயும்.

உரத்தைப் பற்றி ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். 'ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம்' என்று நம் ஆட்கள் சொன்னது சரிதான். நன்றாகக் காய்ந்த ஆட்டெருவில் தழைச்சத்து ஏறக்குறைய 3 சதவீதம், சாதாரணத் தொழுவுரத்தில் அரை சதவீதம்தான். ஆனால் பகலில் உங்கள் கொல்லையில் மேய்ந்து உங்கள் கொல்லையிலேயே புழுக்கை போட்டால், உங்கள் மண்ணின் சத்துதான் களை வழியாக ஒரு சுற்று சுற்றி உங்களிடம் திரும்புகிறது. அதிலும் லாபம் உண்டு: களையில் பூட்டிக்கிடந்தது மரத்துக்கு எட்டுகிற வடிவத்தில் சீக்கிரம் வருகிறது. ஆனால் புதிய சத்து வேண்டுமென்றால் மந்தை பகலில் ஏரிக்கரையிலும் தரிசிலும் மேய்ந்துவிட்டு இரவில் உங்கள் கொல்லையில் கிடை போட வேண்டும். ராமநாதபுரம், சிவகங்கையிலிருந்து கீதாரிகள் என்கிற ஊர் ஊராகப் போகும் ஆட்டுக்காரர்கள் மந்தையோடு நெல் வயல்களுக்கு வந்து கிடை போடுவதும், நிலத்துக்காரர் இரவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுப்பதும் இந்தப் புதுச்சத்துக்காகத்தான். களை மேய்ச்சலும் கிடையும் வேறு வேறு சேவை, வேறு வேறு கூலி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவதால்தான் ஆட்டுக்காரருக்கும் தோப்புக்காரருக்கும் நடுவில் பேச்சு முறிகிறது. கிடை போடும்போது வரிசைக்கு நடுவில் போட வேண்டும், ஒரே மரத்தடியில் இரவெல்லாம் அடைத்தால் மூத்திரச் சூட்டில் அந்த மரம் வாடும், தினமும் இடம் மாற்ற வேண்டும்.

வெளியிலிருந்து வருகிற மந்தையில் இன்னொரு எச்சரிக்கை. சீமைக்கருவேலங்காய் தின்று வந்த ஆட்டின் புழுக்கையில் அதன் விதை உயிரோடு வரும். அந்த மரம் ஒருமுறை கொல்லைக்குள் வேர்விட்டால் அதை எடுப்பதற்கு ஆகும் செலவை நினைத்துப் பாருங்கள். வரும் மந்தையைச் சில நாள் வெளியே ஒரு தரிசில் வைக்கோலிலோ காயில்லாத மேய்ச்சலிலோ நிறுத்திவிட்டு உள்ளே விடுவது நல்லது.

மருந்து அடிக்கிற பழக்கம் உள்ள தோப்புகளில் இதைப் படித்து மறந்துவிடாதீர்கள்: செம்மறிக்குச் செம்புச்சத்து ஆகாது. மற்ற கால்நடைகள் தாங்குகிற அளவைக்கூட அது தாங்காது. போர்டோ கலவையோ காப்பர் ஆக்சிகுளோரைடோ அடித்த மரத்தடிப் புல்லில் தங்குகிற செம்பு, ஈரலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, ஒரு நாள் திடீரென்று மூத்திரம் கறுத்து ஆடு செத்துப்போகும், காரணம் பல மாதம் முந்தையதாக இருக்கும். மா, பலாவில் இந்த மருந்துகள் வழக்கம் என்பதால் ஆட்டுக்காரரிடம் எப்போது, எதை அடித்தோம் என்று மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அடிமரத்துக்குப் பூச்சிமருந்து பூசியிருந்தாலும் அதே கதைதான். யூரியா தூவிய கொல்லையில் அது மண்ணில் கரைந்து மறையும் வரை ஆடு கூடாது, உப்பு என்று நினைத்து நக்கினால் சில மணி நேரத்திலேயே உயிர் போய்விடும்.

ஆட்டின் உடல்நிலை தோப்புக்காரர் கவலை இல்லை என்று நினைப்பது சரியில்லை, ஏனென்றால் களை இளசாக இருக்கிற அதே கார்த்திகையில்தான் செம்மறிக்கு எல்லா நோயும் வரிசையாக வருகிறது. மழைக்குப் பின் துளிர்த்த இளம்புல்லைத் திடீரென்று நிறையத் தின்றால் துள்ளுமாரி வரும், நல்லாயிருந்த ஆடு காலையில் செத்துக் கிடக்கும். மழைக்காலப் பூச்சிகள் கடித்து நீலநாக்கு நோய் பரவுவதும் அப்போதுதான். ஆட்டுக்கொல்லி நோய் வேறு இருக்கிறது. மூன்றுக்கும் தடுப்பூசி உண்டு, மழைக்கு முன்பே போட்டிருக்க வேண்டும், குடற்புழு மருந்தும் கொடுத்திருக்க வேண்டும். பனி காய்ந்த பிறகு, காலை எட்டு மணிக்கு மேல் மேய்ச்சலுக்கு விட்டால் புல் நுனியில் ஏறி நிற்கிற புழுக்குஞ்சுகள் உள்ளே போவது குறையும். புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன, கடலூர்ப் பக்கம் அந்தந்த ஊர்க் கால்நடை மருந்தகத்தில் கேட்கலாம். முந்திரி சம்பந்தமான கேள்விகளுக்கு விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கவே இருக்கிறது.

முந்திரியைத் தவிர மற்ற மரங்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கடற்கரையோரச் சவுக்குக்கு ஆடு பெரிதாகத் தேவைப்படாது. முதல் வருஷம் கன்றைக் கடித்துவிடும், அதற்குப் பிறகு நெருக்கமாக நட்ட சவுக்கின் நிழலும் உதிர்ந்த சருகும் களையை வர விடாது. பாகூர், வில்லியனூர் பக்கத் தென்னந்தோப்புகள்தான் ஆட்டுக்கு மிகவும் தோதானவை: மட்டை எட்டாத உயரம், நிழலும் வெளிச்சமும் கலந்த தரை, தண்ணீரும் இருக்கும். சொட்டுநீர்க் குழாயை மட்டும் சுருட்டித் தூக்கிக் கட்டிவிடுங்கள்.

சொந்த மந்தை வைக்கலாமா, வரவழைக்கலாமா? களை வழிகிற மார்கழியைப் பார்த்து ஆடு வாங்கினால் சித்திரையில் தீனிக்கு எங்கே போவது? கோடையில் உங்கள் நிலமும் வைக்கோலும் தாங்குகிற எண்ணிக்கைதான் உங்கள் மந்தை. நாலைந்து ஏக்கர்க்காரருக்கு இருபது பெட்டையும் ஒரு கிடாவும் தாராளம். அதைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒரு ஆளும், தெருநாய் நுழையாத பட்டியும் வேண்டும். இந்த இரண்டும் இல்லாதவர்கள் ஊரில் மந்தை வைத்திருப்பவரோடு பேசிக்கொள்வதே மேல். என் கருத்து இதில் வெளிப்படையானது: நம் பக்கத்துப் பெரும்பாலான கொல்லைகளுக்கு வரவழைக்கும் மந்தைதான் பொருந்தும், ஏனென்றால் ஆட்டோடு சேர்ந்து ஆட்டைத் தெரிந்த ஒரு ஆளும் வருகிறார். மரத்தைப் பார்க்கிற ஆட்டை எங்கிருந்தோ ஒரு சத்தம் கொடுத்துத் திருப்புவது அவருக்குத் தெரியும், வேலைக்கு நிறுத்திய பையனுக்குத் தெரியாது.

பேசும்போது எல்லாவற்றையும் முதலிலேயே பேசிவிடுங்கள். எந்தத் தேதி உள்ளே, எந்தக் கட்டத்தில் வெளியே என்பதை யார் முடிவு செய்வது. இரவில் கிடை இங்கேயா, வெளியேயா. மரத்துக்குச் சேதம் வந்தால் என்ன, நீங்கள் அடித்த மருந்தால் ஆட்டுக்குச் சேதம் வந்தால் என்ன. குடிக்கத் தண்ணீர் யார் பொறுப்பு, நாய் கடித்தால் யார் பொறுப்பு. அப்புறம் தொரட்டி. ஆட்டுக்காரர் கையில் தொரட்டி இருப்பது இயல்பு, வழியில் வேம்பு, உதியன் என்று ஒரு கிளையை இழுத்து ஆட்டுக்குப் போடுவதும் இயல்பு. உங்கள் தோப்புக்குள் மேலே கை வைப்பதில்லை என்றும், தழை வேண்டுமென்றால் வேலியோரக் கிளுவையையோ கிளைரிசிடியாவையோ நீங்களே வெட்டித் தருவதாகவும் பேசிக்கொண்டால் மனத்தாங்கல் வராது. 'அண்ணே, பலா மரத்துல மட்டும் கை வைக்காதீங்க' என்று பாதியில் போய்ச் சொல்வதைவிட இது நல்லது. முதல் வருஷம் முழுக் கொல்லையையும் கொடுக்காமல், நன்றாக வளர்ந்த மரங்கள் உள்ள ஒரு ஏக்கரை மட்டும் கார்த்திகையில் கொடுத்துப் பாருங்கள். பக்கத்து ஏக்கரை வழக்கம்போல் வெட்டிவிடுங்கள். மாசியில் இரண்டிலும் கொட்டை பொறுக்க எவ்வளவு நேரம் ஆகிறது, எந்தப் பக்கம் ஈரம் இருக்கிறது, எந்தக் களை மிஞ்சியிருக்கிறது என்று குறித்துவைத்தால் அடுத்த வருஷம் எத்தனை ஆடு, எத்தனை நாள் என்று ஆட்டுக்காரரோடு உட்கார்ந்து பேச உங்களிடமே கணக்கு இருக்கும்.